பங்கு ஆடு

மன்னாரிலிருந்து டென்மார்க்குக்கு வந்த ஸ்ரனிஸ்லாஸ், தோள்மூட்டு தேயும்வரை பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு வெட்டினார். பிறகு விபோர்க்குக்கு வெளியே கொஞ்சம் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செம்மறி வளர்க்கத் தொடங்கினார். எங்கள் சனம் சிரித்தது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் அவருடைய ஆட்டில் பங்கு கிடைக்கும் என்றதும் அந்தச் சிரிப்பு நின்றது.

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டைப் பேசிவைக்கும். அது முறைப்படி கொல்களத்துக்குப் போய் வந்ததும், பங்குக்காரரில் ஒருவரான அந்தோனிதாசன் வீட்டில் கார் விடும் கராச்சில் ஈரலிலிருந்து எலும்புவரை கூறுபோட்டுக்கொள்வோம். நத்தார்ப் பங்கு விற்றால்தான் மந்தைக்குக் குளிர்காலத் தீனி. விற்காவிட்டால் ஆடுகளைக் கைகழுவ வேண்டியதுதான். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஸ்ரனிஸ்லாஸின் மனைவி விக்ரோரியா. நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம்.

அயலில் ஆடுமாடு வளர்க்கும் டெனிஷ்காரருக்கு ஒரு குழு இருந்தது. ஸ்ரனிஸ்லாஸும் அதில் சேர்ந்தார். முறைவைத்து ஒவ்வொருவர் பண்ணைக்கும் போவார்கள். கோப்பி குடிக்க முன்னர், செத்தது, நொண்டுவது, பிழையாய்ப் போனது எல்லாவற்றையும் பண்ணைக்காரர் காட்ட வேண்டும். நல்லதை மட்டும் காட்டுகிறவரை அங்கே ஒருவரும் மதிப்பதில்லை. பிள்ளை சோதனையில் கோட்டை விட்டால்கூட மூடி மறைக்கும் கூட்டம் நாங்கள். எங்களில் ஒருவர் இதைப் பழகியது பெரிய காரியம். பழகினார், அதுதான் அவருக்கு வினையானது.

இரண்டாயிரத்து இருபத்துநாலாம் ஆண்டுக் கோடை முடிவில் நீலநாக்கு நோய் வந்தது. நுளம்பைவிடச் சிறிய பூச்சி கடித்துப் பரவும் நோய். ஆடுகள் நாக்கு வீங்கி, எச்சில் வடித்து, நிற்கமுடியாமல் விழுந்தன. ஸ்ரனிஸ்லாஸ் அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிட்டார். குழுவிலிருந்தவர்கள் தண்ணீர்த் தொட்டிகளை இழுத்து வந்து, விழுந்து கிடந்தவற்றை நிழலுக்குத் தூக்கினார்கள். மந்தையில் பாதி தப்பியது. இது மனிதருக்குத் தொற்றாது, தேறிய ஆட்டை வழக்கம்போல் கொல்களத்துக்கு அனுப்பலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அதையெல்லாம் பங்குக்காரரின் வட்சப் குழுவில் போடப் போனார் மனிதர். விக்ரோரியா தடுத்தார். ஒருவரும் கேட்காததை ஏன் சொல்ல வேண்டும் என்றார்.

“டெனிஷ்காரருக்கு எல்லாம் திறந்து காட்டினனான். எங்கடை சனத்துக்கு ஒளிக்கிறதே?”

போட்டார். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கழன்றார்கள். கொழுப்பு கூடாதென்று டொக்டர் சொன்னாராம், நத்தாருக்கு ஓகூஸில் மகள் வீட்டுக்குப் போகிறார்களாம். அந்தோனிதாசன் மட்டும் நேரே சொன்னார்.

“நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் எல்லாரும் வாங்கியிருப்பினம் அண்ணை.”

அந்த நத்தாருக்கு ஒடென்சேப் பக்கம் ஆடு வளர்க்கும் பிரதீபனிடம் பங்கு பேசினார்கள். அவனுடைய ஆடுகளுக்கும் அதே நோய்தான். இரகசியமாக ஸ்ரனிஸ்லாஸுக்கு ஃபோன் எடுத்து என்ன செய்வது என்று கேட்டிருந்தான். வைத்தியரைக் கூப்பிடச் சொல்லி இவர் கெஞ்சியும் அவன் கூப்பிடவில்லை. இதை ஸ்ரனிஸ்லாஸ் ஒருவரிடமும் போட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

தீனி தீர்ந்தது. தை மாதம் ஆடுகளை வாங்க ட்ரெயிலரோடு வந்தவன் அதே பிரதீபன். வேறு ஆள் கிடைக்கவில்லை. ஏற்றி முடித்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

“இது உங்கடை ஆடுகள் எண்டு சனத்துக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை.”

தவக்காலம் முடிந்தது. அந்தோனிதாசனுக்கு மனச்சாட்சி உறுத்தியதோ என்னவோ, உயிர்த்த ஞாயிறன்று ஸ்ரனிஸ்லாஸ் வீட்டுக்கும் ஒரு பங்கு கொண்டுபோய்க் கொடுத்தார்.

“பிரதீபன்ரை ஆடு அண்ணை. வருத்தம் துன்பம் இல்லாத சுத்தமான ஆடு.”

ஸ்ரனிஸ்லாஸ் பையை வாங்கி நன்றி சொன்னார். அது எந்த மந்தை ஆடு என்று சொல்லவில்லை. அந்த மனிதரையும் ஒளிக்கப் பழக்கிவிட்டோம்.