வளர்கிற பிள்ளைக்கு வாங்கிய பூட்ஸ்

ஆகஸ்ட் மாதத்துத் துபாயில் காலை ஏழு மணிக்கே கார் நிறுத்துமிடத்தின் தரை செருப்பை மீறிச் சுடும். அந்தச் சூட்டில் குரங்குக் குல்லா, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர் என்று இரண்டு சிறுமிகள், கைகளைக் கீழே தொங்கவிட முடியாமல் பென்குயின் மாதிரி விரித்தபடி நடந்து வந்த காட்சியை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். வாசலில் நின்ற நேபாளி செக்யூரிட்டி ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலை அவர்களிடம் நீட்டிவிட்டான். பின்னால், டியூட்டி முடித்த யூனிஃபார்மோடு, இரண்டு பெரிய பைகளைச் சுமந்துகொண்டு வந்தார் சிஸ்டர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். கடைசி வரைக்கும் நான் அவரை சிஸ்டர் என்றும், அவர் என்னை அண்ணே என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டோம்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய மாலுக்குள் இருக்கும் பனிக்கூடத்தில். வருகிறவர்களின் காலை அளந்து பூட்ஸும் பனிச்சறுக்குப் பலகையும் எடுத்துக் கொடுக்கும் கவுண்டர். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் ‘ஐஸ் கம்பெனியில் வேலை’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். குச்சி ஐஸ் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தவில்லை, அதுவே கொஞ்சம் கௌரவமாகத்தான் இருக்கிறது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் பனி, இந்தப் பக்கம் நான். நாலு வருடத்தில் நான் பனிமேல் கால் வைத்தது, யாராவது தவறவிட்ட கையுறையைப் பொறுக்குவதற்காக மட்டும்தான். ஆனால் அறிவுரைக்குக் குறைவே கிடையாது. முழங்காலை மடக்குங்கள், பார்வையை முன்னால் வையுங்கள் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். நீச்சல் தெரியாதவன் கரையில் நின்று விசில் ஊதுகிற மாதிரி.

சனிக்கிழமை காலையில், கூடம் திறப்பதற்கு முன்னால் இரண்டு மணி நேரம், சரிவுக்குக் கீழே இருக்கும் சமதளத்தில் பிள்ளைகளுக்கு கிராஸ் கன்ட்ரி சறுக்கு சொல்லிக் கொடுப்பார்கள். உச்சியிலிருந்து வழுக்கி இறங்குவது வேறு. இது சமதளத்தில் நடையும் வழுக்கலுமாகப் போய்க்கொண்டே இருப்பது. பலகை ஒல்லி, பூட்ஸ் லேசு, விரல் பக்கம் மட்டும் பலகையோடு மாட்டிக்கொள்ளும், குதிகால் தூக்கித் தூக்கி வைக்கலாம். சொல்லிக் கொடுத்தவர் கஜகஸ்தான்காரப் பெண்மணி. எல்லோரும் கோச் என்போம். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம், அரபி கொஞ்சம், இந்தி கொஞ்சம். மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டித்தான் பேசுவார்.

சிஸ்டருக்கு பின்லாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் வேலை கிடைத்திருந்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பென்றாலே குளிர்காலத்தில் இந்தச் சறுக்குதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு சவுதியில், தம்மாமில், ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம். ஆறு வாரத்தில் கிளம்ப வேண்டும். “நமக்கு ஐஸுன்னா மீன் பெட்டிக்க உள்ள கெடக்கதுதான அண்ணே தெரியும்? இதுவள நான் எப்பிடி அங்க கொண்டு போவேன்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

பைகளிலிருந்து பூட்ஸ் வெளியே வந்தது. ஊரைவிட்டுப் போகும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் கேட்டு வாங்கியது. எட்டு வயதுப் பெரியவளுக்கும் ஐந்து வயதுச் சின்னவளுக்கும், ஆளுக்கு இரண்டு சைஸ் பெரிது.

“வளருத பிள்ளையளாக்கும் அண்ணே. அடுத்த வருசமும் போடணும்லா.”

அந்த வாதத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நான் படித்த காலத்தில் என் பள்ளிக்கூட பூட்ஸ் முதல் வருடம் பெரிதாக இருக்கும், மூன்றாம் வருடம் கடிக்கும், நடுவில் ஒரே ஒரு வருடம் என் காலுக்குச் சரியாக இருக்கும். ஆகவே தொழில் தெரிந்தவன் முகத்தோடு உட்கார்ந்து, ஆளுக்கு மூன்று ஜோடி சாக்ஸ் மாட்டி, முனையில் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டிச் சுருட்டித் திணித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, இரண்டு தட்டு தட்டி அனுப்பி வைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

பெரியவள் முதல் அடி வைத்தாள். கால் முன்னால் போனது. பூட்ஸ் அங்கேயே நின்றது. விழுந்தாள். எழுந்தாள். விழுந்தாள். கால் மணி நேரத்தில் சின்னவள், விரல் எல்லாம் மரத்துவிட்டது என்று அழத் தொடங்கினாள். அதே நேரத்தில் ஸ்வெட்டருக்குள்ளே முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. கோச் இருவரையும் கவுண்டருக்கு இழுத்து வந்து பூட்ஸைக் கழற்றினார். வித்தைக்காரன் வாயிலிருந்து ரிப்பன் வருகிற மாதிரி உள்ளேயிருந்து டிஷ்யூ வந்துகொண்டே இருந்தது.

“ஹூ இஸ் திஸ் இன்ஜினியர்?” என்றார்.

நானும் யாரோ என்று திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

அன்றைக்குத்தான், நாலு வருட சர்வீஸுக்குப் பிறகு, என் தொழிலை நான் கற்றுக்கொண்டேன். கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இடம் கூடாது. கம்பளி சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி. மூன்று போட்டால் கால் நெரிந்து ரத்தம் ஓடாது, ஓடாத காலில்தான் குளிர் ஏறும். உடுப்பு மெல்லிசாக இரண்டு அடுக்கு போதும், நடக்க நடக்க உடம்பே சூடாகிவிடும். கையில் ஊன்றும் குச்சி இப்போதைக்கு வேண்டாம்; “மாஃபி ஸ்டிக்! கால் முதலில்!” குரங்குக் குல்லாவை மட்டும் கோச் சற்று நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல பொருள் என்று திருப்பிக் கொடுத்தார். தன் அலமாரியிலிருந்து சரியான அளவில் இரண்டு ஜோடி பழைய பூட்ஸையும் எடுத்துப் போட்டார்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் பிள்ளைகள் முதலில் ஒற்றைப் பலகையில் ஏறி, மற்ற காலால் உந்தி, ஸ்கூட்டர் விட்டார்கள். பிறகு இரண்டு பலகை. விழுவதற்கே ஒரு பாடம் இருந்தது: மல்லாந்து புரள வேண்டும், கரப்பான்பூச்சி மாதிரி கை கால் நாலும் மேலே, பலகை இரண்டையும் ஒரே திசையில் சேர்க்க வேண்டும், ஒருக்களித்து முட்டி போட வேண்டும், எழ வேண்டும். சின்னவளுக்கு அந்தப் பாடம் மிகவும் பிடித்துவிட்டது. விழ வேண்டிய அவசியமே இல்லாத இடத்திலும் விழுந்து கரப்பான்பூச்சியானாள். பெரியவள் மட்டும் சிரிக்கவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, எண்ணிக்கொண்டே சுற்றினாள்.

நாலாவது வாரம், கயிறு கட்டிவிடும்போது குனிந்து என் காதருகில் கேட்டாள்.

“அங்கிள், ஹவ் மெனி ரவுண்ட்ஸ் போனா பாஸ்?”

“என்ன பாஸு? இங்க பரீட்சையெல்லாம் கிடையாதும்மா.”

“இருக்கு. அம்மா ஃபோன்ல சித்திகிட்ட சொன்னாங்க. எங்களுக்கு ஸ்னோ செட் ஆகலைன்னா ஊர்ல சித்தி வீட்ல விட்டுட்டுப் போயிடுவாங்களாம். ஒன் இயர். பாப்பாகிட்ட சொல்லாதீங்க. அவ அழுவா.”

எனக்கு உடனே ஒரு ஜோக் வந்தது. எப்போதும் வரும். அன்று அதை விழுங்கிவிட்டேன். என் மகளை எந்தப் பரீட்சையும் வைக்காமலே ஊரில் விட்டுவிட்டு வந்தவன் நான். பனி ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கவில்லை; விசா ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கயிற்றை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினேன். “நீ நல்லா போறேம்மா” என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. தலையாட்டிவிட்டுப் பனிக்குள் போனாள்.

சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பெண்ணிடம் போய், உங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவரும் கல் நெஞ்சுக்காரர் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, டியூட்டிக் களைப்பில் கண் சொருகச் சொருக, பிள்ளைகள் விழும்போதெல்லாம் பெஞ்சு நுனியைப் பிடித்துக்கொள்வார். தெரியாத ஊர், இருட்டான குளிர்காலம், தனி ஆளாக இரண்டு பிள்ளைகள். அவர் பயந்தது பிள்ளைகளுக்காகத்தான் என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார். ஆறாவது வாரம், அதுதான் கடைசிச் சனிக்கிழமை, எனக்கு நேர்வழி ஒன்றும் தோன்றாததால் தெரிந்த ஒரே வழியில் போனேன்.

“சிஸ்டர், உங்க கால் சைஸ் என்ன?”

“எனக்கு என்னத்துக்கு அண்ணே? நான் வார்டுக்க உள்ளதான நடக்கப் போறேன்?”

“வார்டு வரைக்கும் யாரு தூக்கிட்டுப் போவா? அங்க வீதியில கிடக்கறதும் இதேதான்.”

“போங்கண்ணே, சும்மா களியாக்காதீங்க” என்றவர், பிள்ளைகள் இரண்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையாட்டிக் கூப்பிட்டதும் எழுந்துவிட்டார். கட்டைவிரல் அகலம் பார்த்து, ஒரே ஒரு ஜோடி சாக்ஸ் போட்டு, டிஷ்யூ இல்லாமல் அனுப்பினேன். தைரியத்துக்கு இரண்டு குச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்று அடி. நாலாவது அடியில் ஒரு கால் துபாய்க்கும் ஒரு கால் தம்மாமுக்கும் போனது. குச்சிகள் பறந்தன. சிஸ்டர் மல்லாந்து கிடந்தார்.

“மாஃபி ஸ்டிக், மம்மி!” என்று கோச் தூரத்திலிருந்து கத்தினார்.

பதறிப்போய் நானும் ஓடினேன். ஓடிய வேகத்தில் நானும் விழுந்தேன். ஆயிரம் பேருக்கு முழங்காலை மடக்கச் சொன்னவன் முழங்காலிலேயே விழுந்தேன். ஆனால் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் அதற்குள் சறுக்கி வந்து அம்மாவின் இரண்டு பக்கமும் நின்றுவிட்டார்கள்.

“கரப்பான்பூச்சி, அம்மா! கரப்பான்பூச்சி பண்ணு!” சின்னவள் குதித்தாள்.

“காலை மேல தூக்கு. ரெண்டையும் சேத்து வை. இந்தப் பக்கம் திரும்பு. அவசரப்படாத.” பெரியவள் கோச்சின் குரலிலேயே சொன்னாள். சிஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யூனிஃபார்ம் காலோடு இரண்டு பலகையும் ஆகாசத்தில் ஆடின. ஒருவழியாகப் புரண்டு, முட்டி போட்டு, இரண்டு பிள்ளைகளின் தோளையும் பிடித்து எழுந்தார். எழுந்ததும் மறுபடி வழுக்கியது. இந்த முறை பெரியவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்துக்கொண்டே, ஆறு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

“எங்கள விட்டுட்டு நீ மட்டும் போயி அங்க என்னம்மா பண்ணுவ?”

சிஸ்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. “யாரு மக்களே சொன்னா, விட்டுட்டுப் போவேன்னு?”

“நீதான். சித்திகிட்ட.”

நான் தள்ளி உட்கார்ந்து, என் முட்டியில் ஒட்டிய பனியைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். கையுறைக்கு ஃபோன் மசியவில்லை. பெரியவளே தன் கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு, சித்தி நம்பரைத் தேடி அழுத்தி, அம்மாவின் காதில் வைத்தாள். மற்ற கை இடுப்பை விடவில்லை.

“எட்டி, நான்தான்… ஆமா, ஐஸுலதான் நிக்கேன். பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் ஒண்ணும் நீ அங்க பாக்காண்டாம். கூடக் கொண்டு போறேன்.” மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். சிஸ்டர் இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். “இல்லட்டி, நான் எங்க கொண்டு போறேன்? அதுவதான் என்னயக் கொண்டு போகுதுவ.”