எல்லாவற்றையும் ஆண்டவரிடம் சொல்லிவிடும் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலோரை அக்கா பெயர் சொல்லி ஜெபித்திருக்கிறார். சிலருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். வேறு சிலர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எப்போது ஆமென் வரும் என்று காத்துக் கிடந்திருப்பீர்கள். அந்த இரண்டாவது கூட்டத்தில் முதல் ஆள் அவருடைய உடன்பிறந்த தங்கையாகிய நான்தான்.

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவடைகிறது. மலர் அச்சடிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட எங்கள் தம்பி, "நீதான் டீச்சரு, நீயே எழுதுக்கா. ஜெப வீராங்கனைன்னு தலைப்புப் போட்டு மரியாதையா எழுது" என்றான். எழுதித்தான் பார்த்தேன். அன்பே உருவானவர், பொறுமையின் சிகரம் என்று எழுத எழுத, அது யாரோ ஒரு அம்மாளைப் பற்றியதாகவே இருந்தது. அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா வத்திராயிருப்பில் பிறந்தார். அப்பா அங்கே ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருந்தார். தோப்பு கைமாறியதும் குடும்பம் இராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தது. வந்த கொஞ்ச காலத்திலேயே அப்பா படுக்கையில் விழ, மூத்தவரான அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆசிரியப் பயிற்சி படித்தேன், தம்பி ஐ.டி.ஐ. படித்தான். இதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

அத்தான் லாரி ஓட்டினார். நல்ல மனிதர். திருமணமாகிச் சில ஆண்டுகளிலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளையும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், "ஆண்டவர் இப்படிப் பண்ணிட்டாரே" என்று அழுதபோது, அக்கா நிமிர்ந்து பார்த்து, "அவர் நல்லவர்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் வாயில் அன்றைக்கு வருகிற வார்த்தையா அது? ஒரு பொழுதாவது ஆண்டவரைக் குறை சொல்லக் கூடாதா என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு ஆத்திரம்.

அந்த நல்லவரோடு அக்கா பேசாத நேரமே கிடையாது. அதுவும் சத்தமாக. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் பஸ் கிளம்பும்போது ஓட்டுநரின் பெயரைக் கேட்டு ஜெபிப்பார். ஓட்டலில் புரோட்டா வந்ததும் சமையல்காரர், மாவு பிசைந்தவர், மேசை துடைத்தவர் என்று எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிப்பதற்குள் சால்னா ஆறிப்போகும். அவர் வீட்டில் இருக்கும்போது, வேண்டாத ஆள் கூப்பிட்டால்கூட போனை எடுத்து, "நான் வெளியூர்ல இருக்கேன்" என்று யாரும் சொல்லிவிட முடியாது. "வீட்டுலதானட்டி இருக்க?" என்று பக்கத்தில் இருந்து கேட்பார். அந்தக் குரல் போனுக்குள்ளும் போகும்.

பெண்கள் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்டால் நாம் எல்லோரும் "குடும்ப சமாதானம்", "சரீர சுகம்" என்று பொதுவாகச் சொல்வோம். அக்காவுக்குப் பொது என்று ஒன்றே கிடையாது. "ஆண்டவரே, எங்க தங்கச்சி மாப்பிள்ளைக்கு மூலம். வெளிய சொல்ல வெக்கப்படுதாரு. நீர் தொடும்" என்று சபை நடுவே நின்று வேண்டினார். ஆலயத்துக்கு வெளியே ஒருவர் துத்தி இலை நல்லது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பண்டிகைக்கு மட்டும்தான் ஆலயத்துக்கு வந்தார்.

கேட்டால் அக்காவிடம் ஒரே பதில்தான்: "நல்லவர்கிட்டப் பேசும்போது என்னத்துக்குட்டி மூடி மூடிப் பேசணும்?"

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். நான் எழுத வந்தது என் மகள் பியூலாவின் கல்யாணப் பேச்சைப் பற்றி. எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதும்மா. பெரியம்மா சொன்னதைவிட நீ என்ன பெருசாச் சொல்லிரப் போற" என்றாள்.

பியூலாவுக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது வலிப்பு வந்தது. அன்றிலிருந்து மாத்திரை. பிறகு பல வருடங்களாக ஒன்றும் இல்லை. மாத்திரையை மட்டும் விடக் கூடாது, தாராளமாகக் கல்யாணம் செய்யலாம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையனுக்கு வங்கியில் வேலை, ஆலயத்தில் பாடகர் குழுவிலும் இருந்தான். எல்லாம் பேசி முடிந்து பழகிய பிறகு, பக்குவமாக ஒரு நாள் மாத்திரை விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். அது தவறு என்று இங்கே நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் வருகிற நாளன்று, அக்காவைத் தனியே கூப்பிட்டு, "நீ வா, சாப்பிடு, சிரி. ஜெபம் மட்டும் பண்ணாத. போதகர் ஐயா பண்ணுவாக" என்று சொல்லிவிட்டேன். அக்காவும் "சரிட்டி" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பால்கோவா வைத்தால் சிரிப்பார்களே, வேறு என்ன இனிப்பு வைப்பது என்பதுதான் அன்று காலை எங்களுக்கு இருந்த பெரிய கவலை. அதிரசம் வைத்தோம். பையனுக்குப் பியூலாவைப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அவன் அம்மாவும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு அடக்க ஆராதனைக்குப் போயிருந்த போதகர் மட்டும் வந்து சேரவில்லை. பையனின் அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு மூத்தவங்க இருக்காகள்ல, அவியளே ஒரு ஜெபம் பண்ணட்டும். நாங்க கெளம்புதோம்" என்று அக்காவைப் பார்த்துக் கை காட்டினார். ஆலயத்துக்கே வராத என் வீட்டுக்காரர், "இல்ல, நான் பண்ணுதேன்" என்று பாய்ந்தார். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடிவிட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரும் மூடினார்.

ஜெபத்தை இடையில் நிறுத்த நம்மில் யாருக்கும் தெரியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் ஆமென் வரும் வரைக்கும் அசையாமல் நிற்பதுதான் நம் வழக்கம்.

"நல்ல தகப்பனே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கினார் அக்கா. "வந்திருக்கிற இந்தக் குடும்பத்துக்காக ஸ்தோத்திரம். இந்தப் பிள்ளை பியூலா பத்தாவது படிக்கும்போது வலிப்பு வந்து விழுந்தா. உமக்குத் தெரியும்."

நான் இருமினேன். என் வீட்டுக்காரரும் இருமினார். பிறகு அக்காவின் காலை அழுத்தி மிதித்தேன்.

"என் காலை மிதிக்கிற தங்கச்சியையும் ஆசீர்வதியும், ஆண்டவரே. அவ பயப்படுதா. இந்தப் பிள்ளை அன்னையிலேருந்து மாத்திரை சாப்பிடுதா. மாத்திரையைக் குடுத்ததும் நீர்தான், டாக்டரைக் குடுத்ததும் நீர்தான். இத்தனை வருசமா அவளை விழவிடாம வச்சிருக்கீர். இவுகளுக்கு இவளைப் பிடிச்சிருந்தா, மாத்திரையோட சேத்துப் பிடிக்கட்டும். ஆமென்."

பையனின் அம்மா எப்போது பியூலாவின் கையை விட்டார் என்று நான் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கை அவர் மடியில் இருந்தது. "பொறவு போன் பண்ணுதோம்" என்று சொல்லி எழுந்தார்கள். பையன் மட்டும் வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். போன் வரவில்லை.

அன்றைக்கு அக்காவிடம் நான் பேசிய பேச்சு இந்தத் தெருவுக்கே கேட்டது. மறைத்து எழுதிப் பயனில்லை. "எம் பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்திட்டியே! அவுககிட்டப் போய் ஏன் சொன்ன?" என்றேன்.

"நான் அவுககிட்டயாட்டி சொன்னேன்? ஆண்டவர்கிட்டல்லா சொன்னேன்."

"அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!"

"தெரிஞ்சவர்கிட்டத் தெரியாத மாதிரிப் பேச எனக்கு வரல" என்றார் அக்கா. அதில் திமிரும் இல்லை, வருத்தமும் இல்லை. அந்த அமைதிதான் என்னைக் கொன்றது.

நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தபோது பியூலா அறையிலிருந்து வந்தாள். சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முன்னால் மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அதுவரைக்கும் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் மாத்திரை போடுவாள். அப்படித்தான் நாங்கள் பழக்கியிருந்தோம். "கட்டிட்டுப் போயி ஆயுசு பூரா பாத்ரூமுக்குள்ள நின்னா இதைப் போட முடியும்? விடும்மா" என்றாள். எனக்கு விட முடியவில்லை. அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அடுத்த தெருவில் இருந்த அக்காவோ தினமும் வந்து, நான் பேசாவிட்டாலும் எதிரே உட்கார்ந்து எனக்காக ஜெபித்துவிட்டுப் போனார். அதற்கும் நான் கண்ணை மூடி நிற்க வேண்டியிருந்தது.

அந்த இடம் போனதும் நன்மைக்கே என்று ஒரு வரி எழுதச் சொல்லித் தம்பி கெஞ்சுகிறான். எழுத மாட்டேன். பியூலாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இப்போது வருகிறவர்களிடம் அவளே முதலில் சொல்லிவிடுகிறாள். கேட்டதும் பலர் போய்விடுகிறார்கள். அவள் நன்றாகத் தூங்குகிறாள், வேலைக்குப் போகிறாள், சிரிக்கிறாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

இதற்கிடையில் அக்காவுக்கு வயிற்றில் வலி வந்தது. மதுரையில் காட்டினோம். டாக்டர் என்னையும் தம்பியையும் வெளியே கூப்பிட்டு, கேன்சர் என்றும், முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். தம்பி சுவரில் சாய்ந்து அழுதுவிட்டு, "அல்சருன்னு சொல்லிருவோம்க்கா. தாங்கமாட்டா" என்றான். நானும் சரி என்றேன். கூட வந்திருந்த பியூலா மட்டும் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவை என் வீட்டுக்கே கொண்டுவந்தோம். கஞ்சியும் இறங்காத ஒரு மத்தியானம், நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏட்டி, இன்னைக்கு நீ ஜெபம் பண்ணு."

நான் கைகளைக் கூப்பி, "கிருபையும் இரக்கமும் உள்ள எங்கள் பரம பிதாவே" என்று தொடங்கினேன்.

"இது உன் பள்ளிக்கூடத்து ஜெபம். வேற பண்ணு."

அந்த நிலைமையிலும் திருத்துகிறார்! எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. "ஆண்டவரே, இது அல்சர் இல்ல" என்றேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "கேன்சர். இனி மருந்து இல்லையாம். இவ ஆயுசு பூரா நல்லவர், நல்லவர்னு உம்மைச் சொல்லிட்டுத் திரிஞ்சா. புருஷனைக் குடுத்தா, எங்களுக்காக ஒழைச்சா. எம் பிள்ளைக்கு வந்த இடத்தையும் உம்ம பேரைச் சொல்லித்தான் தொலைச்சா. இதுதான் நீர் செய்யுற நன்மையா? எனக்கு அப்படித் தெரியல. எனக்கு உம்ம மேல கோவம். அம்புட்டுதான்."

"ஆமென்" என்றார் அக்கா. பல நாட்களாகக் கேட்காத சத்தத்தில்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "இப்பத்தான்ட்டி நீ ஜெபம் பண்ணிருக்க."

"கோவமால்லாக்கா பேசிட்டேன்."

"பேசு. கெட்டவன்கிட்டக் கோவப்பட்டா அடிக்க வருவான். நல்லவர்கிட்டத்தான் கோவப்பட முடியும். அத்தான் போனப்ப, நீங்கள்லாம் போன பொறவு கதவைச் சாத்திட்டு நான் அவரைக் கேக்காத கேள்வியா? பாத்திரத்தைக்கூடத் தூக்கிப் போட்டேன். அம்புட்டையும் பொறுத்துக்கிட்டாரு" என்றார். பிறகு, "வெறும் அல்சருக்கு நம்ம தம்பி மகன் சென்னையிலேருந்து லீவு போட்டு வருவானாட்டி? செத்த நேரம் கையைப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிக் கண்ணயர்ந்தார். அப்போதும் நான் அழுதது துக்கத்தால் மட்டும் இல்லை. இத்தனை வருடங்கள் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஆண்டவரிடம் எல்லாவற்றையும் சொன்னவர், என்னிடம் சொல்ல வேண்டியதை மட்டும் கடைசி வரைக்கும் வைத்திருந்தார்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் அக்கா அமைதியாகக் கடந்துபோனார்.

அந்த நாட்களில் தினமும் வீட்டுக்கு வந்து ஊசி போட்ட சிஸ்டருக்கும், மறைக்காமல் பேசிய டாக்டருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்ததோடு தன் பூஜையறையிலும் அக்காவுக்காக விளக்கேற்றிய பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாளுக்கும், அக்கா வேலையை விட்டு இத்தனை வருடங்கள் ஆன பிறகும் சீருடையோடு வந்து நின்ற பேண்டேஜ் கம்பெனித் தோழிகளுக்கும், மழையில் நனைந்து பெட்டியைச் சுமந்த வாலிபர்களுக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மூலத்துக்காக ஜெபம் வாங்கிய என் வீட்டுக்காரர்தான் அன்று முதல் ஆளாகத் தோள் கொடுத்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் முடிக்கக் கூடாது என்கிறான் தம்பி. சொல்கிறேன். அக்காவை எங்களுக்குக் கொடுத்ததற்கு நன்றி. எடுத்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இன்று காலையும் அதை ஆண்டவரிடமே சொன்னேன்.