மேல வெடிப்பு

தேயிலை மலையடியில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருந்தபோது, எதிர் மேட்டில் இருந்த பழைய தொரை பங்களாதான் எங்களுக்குக் கண்ணில் படும் ஒரே ஆடம்பரம். அப்போதே அது வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல் ஆகியிருந்தது. அறைகளைக் கூட்டித் துடைப்பது என் வேலை.

மாடி ஹோலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பீங்கான் ஜாடி. சீன ஜாடி என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். தங்க வந்த ஒரு வெள்ளைக்காரம்மாதான் அது அவர்கள் ஊரில் செய்தது, செய்தவன் சீனாவை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டான் என்று சிரித்தார். பார்த்தாலே தெரிகிறதே! நாய் முகத்தோடு ஒரு பறக்கும் பாம்பு. தாமரை அளவுக்குப் பூத்த தேயிலை. பட்டு உடுத்தி, மேல் நோகாமல் கொழுந்து கிள்ளும் ஒருத்தி. அட்டை கடித்த காலை அவன் எங்கே கண்டான்? அவளுக்குப் பின்னால் கவிழ்கிற மாதிரி ஒரு மலை, அதன் அடியில் வரிசையாகக் குட்டி வீடுகள். அந்த அம்மா அதைப் படம் எடுத்துவிட்டு, பல்கனியில் நின்று எங்கள் லயத்தையும் எடுத்தார். இரண்டும் ஒரே மாதிரி அழகாம்.

ஜாடியின் மலையில் முடி கனத்தில் ஒரு கீறல். "மேல வெடிப்பு கொஞ்சம் பெருசானாலும் எனக்கு உடனே கோல் பண்ணணும்" என்று மனேஜர் சொல்லி வைத்திருந்தார். ஹோட்டலில் 'மேல வெடிப்பு' என்றால் மாடியில் இருந்த அந்த ஜாடிதான்.

மழை விடாமல் பிடித்த நாட்களில் எங்கள் வீட்டுக் கதவு சாத்த வரவில்லை. மலையிலிருந்து பீலியில் வரும் குடிதண்ணீர் செம்மண்ணாகக் கொட்டி, பிறகு நின்றே போனது. விறகுக்குப் போன மாமியார் வெறுங்கையோடு ஓடி வந்தார். லயத்துக்கு மேலே தேயிலை சாய்ந்து, நிலம் வாய் பிளந்து கிடந்ததாம். தோட்டத்து ஆபீசுக்கு ஓடினோம். "மலை மாதிரி வர்றது பனி மாதிரி போயிரும்" என்று கிளாக்கர் ஐயா பழமொழி சொல்லி அனுப்பிவிட்டார். வாகனம் வைத்திருப்பவர், பெரிய ஆட்களைத் தெரிந்தவர் என்று டவுனில் இருந்த மனேஜரைப் போனில் கூப்பிட்டேன். அன்று எனக்கு லீவு என்பது அவருக்கு நினைவில்லை.

"சேர், மேல வெடிப்பு ரொம்ப பெருசா போச்சுங்க!"

"ஐயோ! யாரும் கிட்ட போக வேணாம். இப்பவே வேன் கொண்டு வாறேன்."

கோல் அறுந்துவிட்டது. நல்ல மனுஷன் என்று எனக்குக் கண் கலங்கியது. லயமே மூட்டை கட்டி ரோட்டில் வந்து நின்றது.

வேன் வந்தது. நிற்காமல் ஹோட்டலுக்கு ஏறியது. திரும்பி இறங்கும்போது எல்லோரும் கை காட்டி மறித்தோம். முன் சீட்டில் மனேஜர். பின்னால் மெத்தைகளுக்கு நடுவே, கம்பளி போர்த்திய ஜாடி.

"நல்ல நேரத்துல சொன்னீங்க. கொழும்புக்கு கொண்டு போறேன்" என்றார்.

"சேர், நான் சொன்னது இந்த மலைய!"

அவர் மலையைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். "அத தோட்டத்துக்குத்தானே சொல்லணும்" என்று வேன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லெடுத்து எறிந்திருப்பேன்.

மாமியார்தான் மூட்டையைத் தலைக்கு ஏற்றினார். "வெடிச்ச சாமான அவங்களே எறக்கிட்டாங்க. நாம என்னத்த பாத்துக்கிட்டு நிக்கிறோம்? நடங்க."

பள்ளிக்கூடம் வரைக்கும் நனைந்துகொண்டே இறங்கினோம். வீட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டு வந்திருந்தோம், அதுதான் சாத்த வராதே.

ஜாடி ஒட்டுப் போட்டுத் திரும்பி வந்துவிட்டது. நான்தான் துடைக்கிறேன். அதில் மலையடிக் குட்டி வீடுகள் அப்படியே இருக்கின்றன. பல்கனியில் நின்று பார்த்தால் எதிரே செம்மண் மட்டும்தான்.