சஹனில் உட்காராதவர்

கல்முனைக் கடைத்தெருவில் புடைவைக்கடை வைத்திருந்த காலிதீனுக்கு எழுத்தாளர்களின் நினைவுக் குறிப்புகள் என்றால் உயிர். அவரும் கொழும்புச் சஞ்சிகைகளில் பத்துப் பதினைந்து சிறுகதைகள் எழுதியவர்தான். நாட்டின் இலக்கிய உலகம் எப்படி நடக்கிறது என்பதை அந்தப் புத்தகங்களில்தான் அவர் படித்தார். யாருக்கும் யாருக்கும் இடையில் பேச்சில்லை, எந்தத் தேநீர்க் கடையில் எந்தச் சஞ்சிகை பிறந்தது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய கிழக்கு மாகாணம் மட்டும் அவற்றில் கடலும் எருமைத் தயிருமாக வந்து போய்விடும். அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

எண்பத்தாறில் வந்த ஒரு புத்தகத்தைப் பதற்றத்தோடுதான் திறந்தார். அதை எழுதிய கொழும்புக்காரர், முன்பொரு முறை நண்பர்கள் நால்வரோடு சாய்ந்தமருதுக்கு வந்து, காலிதீன் வீட்டில் விருந்துண்டவர். இதிலும் தன் பெயர் இல்லாவிட்டால் இனி எதிலும் இல்லை என்று காலிதீனுக்குத் தெரியும்.

விருந்து இருந்தது, இரண்டு பக்கத்துக்கு. சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஐவரும் உட்கார்ந்து உண்டது, அப்போது போட்ட இலக்கியச் சண்டை, ஐந்து பேரின் பெயர்கள். கடைசியில் ஒரு வரி: கை கழுவத் தண்ணீர் ஊற்றிய வீட்டுக்காரர் வாய் திறக்காத நல்ல மனிதர்.

வாய் திறக்காதவராம்! எங்கள் ஊரில் விருந்தாளி சாப்பிடும்போது வீட்டுக்காரன் கூட உட்காருவானா? நின்று பரிமாறுவதல்லவா மரியாதை. அந்தச் சண்டையில் சொல்ல எவ்வளவோ இருந்தும், சோறு போதுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார் அந்தப் பாவி மனிதர். இப்போது அவருக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. மத்தியானச் சோறு இறங்கவில்லை.

"என்ன, மகள்ட வாப்பா, சோத்த அளஞ்சிக்கிட்டு இரிக்கிங்க?" என்றாள் மனைவி றாபியா.

அவர் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினார்.

"சாப்பாட்டப் பத்தி ஒண்டும் எழுதல்லயா?"

"எழுதியிரிக்கி. விரால் மீன் கறிட ருசி இன்னும் நாக்குல நிக்கிதாம்."

"ஆரு ஆக்கின எண்டு போட்டிரிக்கா?"

"அது அவருக்கு எப்புடித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தார்.

"கேட்டாரே. நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தன். உள்ளுக்குப் பொம்புளையள் ஆக்கின எண்டு நீங்கதானே சொன்னீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். காலிதீனுக்கு வெட்கமாக இருந்தது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. கூப்பிட்டார்.

"மகள்ட உம்மா" என்றுதான் வந்தது.