கன்னையா அடைக்காத ஓட்டை

வலது கை, நாலு முடி மட்டும் மிஞ்சிய தூரிகையை மையில் தொட்டு அச்சுத்தகட்டின் மேல் குனிகிறது. இடது கையில் பூதக்கண்ணாடி. தகட்டில் ஒரு வளைகோடு. x ஒன்றாகும் இடத்தில் ஒரு இடைவெளி, ஐந்தாகும் இடத்தில் இன்னொன்று.

தூசியால் விட்டுப்போன கோட்டை நிரப்புவதுதான், திருப்பதி அச்சகம் ஒன்றில் சத்தியவேட்டுக் கன்னையாவின் வேலை. ஒன்பதாம் வகுப்பு பெயில். ஐந்து வருஷத்துக்கு முன் பிளஸ் டூவுக்குச் சமமான இன்டர் கணக்கு கைடு ஒன்றில் வளைகோடு இரண்டு துண்டாக நிற்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, நடுவிலிருந்த, தொடக்கூடாத புள்ளிக்கோட்டின் மேலேயே ஏற்றி இறக்கிச் சேர்த்துவைத்தார். அப்படியே ரெண்டாயிரம் பிரதி போனது.

"இன்னொரு தபா தப்பாச்சுன்னா ஊட்டுக்குப் போயிடு" என்றார் முதலாளி வேங்கடாசலம்.

அதிலிருந்து கன்னையா எந்தக் கோட்டையும் நம்புவதில்லை. பக்கத்திலிருக்கும் சமன்பாட்டில் எண்ணைப் போட்டுப் பார்ப்பார். கீழே மட்டும் பூஜ்யம் வந்தால் கோடு அங்கே பிளந்து, தொடாமல் ஓடும். மேலேயும் கீழேயும் பூஜ்யம் வந்தால் அங்கே ஓட்டை இருக்கலாம், உஷார். கீழே பூஜ்யமே வராவிட்டால் வெறும் தூசி. கழிவுத்தாளின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டுத் தானே கண்டது இது.

இன்றைய சமன்பாடு: மேலே (x−1)(x+2), கீழே (x−1)(x−3). மூன்றில் கீழே மட்டும் பூஜ்யம்; கோடு அங்கே பிளந்து ஓடுவது சரிதான். ஐந்தைப் போட்டார். மேலே 28, கீழே 8. தூசி, அடைத்தார். ஒன்றைப் போட்டார். மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். தூரிகையை எடுத்துவிட்டார்.

இந்தக் கைடை எழுதிய லெக்சரர் சுரேஷ்பாபு எட்டிப்பார்த்தார்.

"ஏமய்யா, இன்னொண்ண யாரு அடைப்பா?"

"அது தூசி இல்ல சார். ஓட்டை."

"(x−1) மேலயும் கீழயும் அடிபட்டுப் போச்சு. அப்புறம் ஓட்டை ஏது? கம்ப்யூட்டர் தப்பு அது."

"அடிக்கறதுக்கு மின்னாடி ஒண்ணப் போட்டீங்களா சார்? பூஜ்யத்தப் பூஜ்யத்தால வகுத்துக்கினு உக்காந்திருப்பீங்க. அப்பால அடிச்சிட்டா, நடந்தது நடக்கலன்னு ஆயிடுமா?"

வேங்கடாசலம் எழுந்து வந்தார். "சார் சொன்னா அடை. இல்லன்னா கெளம்பு."

கன்னையா தூரிகையைக் கழுவி வைத்தார். "அப்ப நான் கெளம்பறேன் நைனா. தெரிஞ்சே தப்பு பண்ண மாட்டேன்."

சுரேஷ்பாபு உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டார். ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை. காது சிவந்தது.

"நானும் அதத்தானே சொல்றேன்! அங்க ஒரு குட்டி வட்டம் போட்டாத்தானே பசங்களுக்குப் புரியும்?"

"ஆமாம் சார். நீங்க சொன்னப்பதான் எனக்கே வெளங்குச்சு" என்றார் கன்னையா.

மீண்டும் தூரிகையை மையில் தொட்டு, இடைவெளியைச் சுற்றி வட்டம் போட்டார். நடுவில் மை படவில்லை. ஊதிக் காயவைத்து, ஓரங்களை மட்டும் பிடித்து, தகட்டை மிஷின்காரர் குணாவிடம் கொடுத்தார்.