மனையை மேடாக்கினேன்

கீழ்வேளூரில் பழைய ஓட்டு வீடொன்றை இடிக்காமல், அதைச் சுற்றி அடுக்குமாடிக் குடியிருப்பு வடிவமைக்கும் வேலை எனக்கு வந்தது. தூண், கதவு, ஜன்னல் என்று ஒன்று விடாமல் அளந்தேன். பிறகு எல்லோரும் செய்வதுபோல, வீட்டைச் சுற்றிலும் மண் அடித்து மனையை மேடாக்கினேன்.

முதல் மழையிலேயே பழைய வீட்டுக் கூடத்தில் முழங்கால் தண்ணீர். மோட்டார் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். வயல் வேலை இல்லாத நாளில் சித்தாளாக வரும் செல்வி, மண்வெட்டியோடு பின்பக்கம் போய் நான் அடித்த மண்ணை வெட்டி வழிவிட்டார். தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடியது.

"வடிகாலை யாராவது அடைப்பாங்களா சார்?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மண்ணை அள்ளிவிட்டு, புது வீடுகளைத் தூண்கள்மேல் ஏற்றி வரைந்தேன். அடுத்த மழையில் கூடம் நனையவில்லை. செல்வி அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் புது மனையென்றால், மழை பெய்யும் நாளாகப் பார்த்துத்தான் முதலில் போகிறேன்.