இரண்டு நிமிடம் ஓடவிடச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை ஒர்க் ஷாப் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது சௌந்தரராஜன் அவர்களின் மகள் போன் செய்தார். "பாய் மாமா, அப்பா தூக்கத்துலயே போயிட்டாங்க." ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு நின்றேன். பாலக்கரையில் நாங்கள் இருவரும் சேர்ந்து தொடங்கிய ஒர்க் ஷாப் அது.

நான் அவசரக்காரன். அவர் எதையும் ஆறவிட்டுத் தொடுகிறவர். தொடங்கிய புதிதில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் வைத்த கார் ஒன்று வந்தது. மிதித்தவுடன் பாய்ந்தது. இதுவல்லவா வண்டி, டர்போ மாதிரிப் புகைச் சூட்டில் வேக வேண்டியதில்லை என்றேன். அவர் சிரித்தார்.

"இது பெல்ட் போட்டு இன்ஜின் தட்டுலேர்ந்தே எடுத்துச் சாப்பிடுது பாய். டர்போவும் அதே வேலைதான், ஆனா வீணா வெளிய போற புகையை வச்சே பொழைச்சுக்குது. சூடாத்தான் இருக்கும். ஆறவிட்டா ஒண்ணும் பண்ணாது."

விரட்டி ஓட்டிய டர்போ வண்டியை வந்ததும் ஆஃப் செய்தால் ஆயில் ஓட்டம் நின்று உள்ளேயே கருகிவிடும். "ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிடுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஏழு வருடங்களுக்கு முன் முசிறி வாழைத்தார் வியாபாரி ஒருவரின் டர்போ கார் ரிப்பேருக்கு வந்தது. மூன்று நாள் அதை நெடுஞ்சாலையில் விரட்டிப் பார்த்தவன் நான். மூன்று நாளும் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று, வந்த வேகத்தில் சாவியைத் திருப்பிவிட்டு ஓடினேன். டர்போ கருகி இறுகிப்போனது. வியாபாரி எல்லார் முன்னாலும் கத்தினார்.

"என் தப்புதாங்க. நான்தான் ஓட்டினேன்" என்றார் சௌந்தரராஜன்.

நான் பக்கத்தில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். வாயே திறக்கவில்லை. சீ, என்ன மனுஷன் நான்! அதற்குப் பிறகும் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை.

போன் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். சாவியில் வைத்த கை திரும்பவில்லை. "இறங்குங்க பாய், எடுக்கப் போறாங்க" என்று யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். இரண்டு நிமிடம் ஓடவிட்ட பிறகே இறங்கினேன்.

மகளிடம் போய்ச் சொன்னேன். "அந்த முசிறி வண்டியைக் கெடுத்தது நான்தாம்மா."

"தெரியும் மாமா. அப்பா அப்பவே சொன்னாங்க. பாய் தானா வந்து சொல்லுவாரு, நாம கேட்கக் கூடாதுன்னாங்க."

ஏழு வருடம் காத்திருந்திருக்கிறார். அவர் காலடியில் மாலையை வைத்தேன்.

சௌந்தரராஜன் சார், அந்த வண்டியை ஆஃப் செய்தவன் நான்தான். போய் வாருங்கள்.